14,000 பவுண்டு டிரெய்லருக்கு எந்த ஆட்டோமேட்டிக்?

என் மைத்துனர் டென்வர் பக்கம் குடியேறி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது குடும்பத்தோடு யூட்டா வரை போய்வர ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப் டிரக்கின் பின்தட்டில் மாட்டி இழுப்பது) வாங்கப் போகிறார். தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றினால் 14,000 பவுண்டு, நம் கணக்கில் ஆறேகால் டன்னுக்கு மேல். "மாமா, ஃபோர்டு வாங்கவா, செவி வாங்கவா, ராம் வாங்கவா?" என்று கேட்டார். நான் இன்ஜினைப் பற்றி அதிகம் பேசவில்லை, கியர்பாக்ஸைப் பற்றித்தான் இரண்டு மணி நேரம் பேசினேன். இதே கேள்வியோடு இங்கே பலர் இருக்கிறார்கள், எல்லோரும் குதிரைத்திறனையும் டார்க்கையும் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதால் அவரிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்ஜினில் யாரும் குறைச்சல் இல்லை. ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில் ஹை அவுட்புட் வகை 500 குதிரைத்திறன், 1,200 பவுண்டு-அடி டார்க். செவி, ஜிஎம்சி வண்டிகளைச் செய்யும் ஜிஎம்மின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் 2024 முதல் 470, 975. ராமில் 2025 முதல் வரும் கம்மின்ஸ் 430, 1,075. இதில் எதை மாட்டினாலும் 14,000 பவுண்டு நகரும். ஏறும்போது வரும் சூட்டை வண்டி தாங்குகிறதா, இறங்கும்போது பாரத்தைப் பிடித்து வைக்கிறதா என்பதில்தான் வித்தியாசம் தெரியும். இரண்டும் பெரும்பாலும் கியர்பாக்ஸ் பொறுப்பு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன்னால் என்னிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் இருந்தது, எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். ஜூலை மாதம், பின்னால் 11,000 பவுண்டு டிரெய்லர், டில்லனிலிருந்து ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை நோக்கி ஐ-70 நெடுஞ்சாலையில் ஏறிக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய எட்டு மைல் ஏற்றம், சரிவு 7 சதவீதம் வரை, மேலே சுரங்கத்தின் வாயில் 11,158 அடி உயரத்தில். முன்னால் ஒரு லாரி 30 மைல் வேகத்தில் ஊர்ந்தது, நானும் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். இன்ஜின் சூட்டு முள் அசையவே இல்லை. ஆனால் டிரான்ஸ்மிஷனுக்கென்று தனியாகப் பொருத்தியிருந்த மீட்டர் 200 ஃபாரன்ஹீட்டிலிருந்து 220, 235, 250 என்று பார்க்கப் பார்க்க ஏறியது. ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு இருபது நிமிடம் நின்றேன். வீட்டுக்கு வந்து டிப்ஸ்டிக்கை உருவி ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ மேல் விட்டேன். நல்ல ஆயில் செம்பருத்திச் சிவப்பில் சீராகப் பரவும். இது டிகாஷன் நிறத்தில், நடுவில் கறுப்பு வளையத்தோடு அப்படியே நின்றது. பால் அடிபிடித்த மாதிரி ஒரு வாசனை. ஆறு மாதத்துக்குள் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டி வந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று பின்னால்தான் புரிந்தது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது, ஆயிலுக்குள் எதிரெதிரே வைத்த இரண்டு காற்றாடி மாதிரி. இன்ஜின் பக்கம் உள்ளது ஆயிலைத் தள்ளும், அந்த ஆயில் மற்றதைச் சுழற்றும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இது டார்க்கைப் பெருக்கித் தரும், அது நல்லது. ஆனால் இரண்டுக்கும் நடுவே வேக வித்தியாசம் இருக்கும் வரை ஆயில் அரைபட்டுச் சூடாகிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் உள்ளே ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு இரண்டையும் ஒன்றாகச் சுழல வைக்கும், அதைத்தான் லாக்-அப் என்கிறோம். பூட்டியிருந்தால் சூடு குறைவு. 30 மைல் வேகத்தில் என் பழைய கியர்பாக்ஸுக்குப் பூட்டிக்கொண்டு இழுக்கத் தோதான கியர் இல்லை, எட்டு மைலும் ஆயிலை அரைத்தே ஏறியது. ஆகவே பாரம் இழுக்க ஒரு கியர்பாக்ஸைப் பார்க்கும்போது என் முதல் கேள்வி, நான் ஏறப்போகும் வேகத்தில் இது பூட்டிய நிலையிலேயே, சரியான ஆர்பிஎம்மில் இருக்குமா என்பது.

இங்கேதான் கியர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி வருகிறது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். 33 அங்குல உயர டயர், ஆக்சில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று) 3.73, வேகம் 60 மைல் என்று வையுங்கள். 1.00 விகிதமுள்ள கியரில் (இன்ஜின் ஒரு சுற்றுக்கு அந்தத் தண்டும் ஒரு சுற்று) இன்ஜின் சுமார் 2,280 ஆர்பிஎம்மில் ஓடும். ஜிஎம்மில் வந்த பழைய அலிசன் ஆறு கியரிலும் ராமின் ஆறு கியர் 68ஆர்எஃப்இ-யிலும் அதற்குக் கீழே உள்ளது 1.41. அதில் போனால் 3,200-ஐத் தாண்டிவிடும், இந்த டீசல்களுக்கு அது கிட்டத்தட்ட உச்சி. ஒன்று 2,280-இல் திணறு, இல்லாவிட்டால் 3,200-இல் அலறு. பத்து கியர் ஃபோர்டில் 3.55 ஆக்சிலோடு அதே 60 மைலில் ஏழாவது கியர் 2,170, ஆறாவது 2,770. இன்ஜின் தன் முழு சக்தியைத் தருவதும் அந்தப் பக்கம்தான், அதனால் நிம்மதியாக ஏறும். பத்து கியர் வெறும் விளம்பரம் என்று சொல்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், கம்மின்ஸ் ஆறு சிலிண்டர் நேர்வரிசை இன்ஜின், தாழ்ந்த ஆர்பிஎம்மிலேயே நன்றாக இழுக்கும். ஆகவே ராமில் இந்த இடைவெளி அவ்வளவு வலிக்காது. வி8 இன்ஜின் வைத்திருக்கும் மற்ற இருவருக்கும்தான் நடுக்கியர்கள் அதிகம் தேவை.

கிளம்பும் இடத்திலும் வித்தியாசம் உண்டு. முதல் கியரை ஆக்சில் ரேஷியோவோடு பெருக்கிப் பாருங்கள். அலிசன் ஆறு கியர் 3.10, 3.73-ஆல் பெருக்கினால் 11.6. 68ஆர்எஃப்இ 12. ராமின் இன்னொரு கியர்பாக்ஸான ஐசின் 14. ஃபோர்டின் பத்து கியர் 4.615-ஐ 3.55-ஆல் பெருக்கினால் 16.4. கேம்ப் மைதானத்தில் ஈரச் சரளை மேட்டில் 14,000 பவுண்டோடு அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது இந்த எண்ணின் அருமை தெரியும், ஏனென்றால் அந்த வேகத்தில் கன்வெர்ட்டர் பூட்டாது, கியர் எவ்வளவு தாழ்வோ அவ்வளவுக்கு ஆயில் அரைபடுவது குறையும்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ராமிலிருந்து தொடங்குகிறேன், குழப்பம் அதிகம் இருப்பது அங்கேதான். 2007-இன் நடுவில் 6.7 கம்மின்ஸ் வந்தபோது அதோடு வந்த ஆறு கியர் 68ஆர்எஃப்இ. இதன் குடும்பம் 1999 ஜீப் கிராண்ட் செரோக்கியில் பெட்ரோல் இன்ஜினுக்காக வந்த 45ஆர்எஃப்இ-யிலிருந்து தொடங்குகிறது. டீசலுக்காகப் பலப்படுத்தினார்கள், உண்மை. ஆனால் கம்மின்ஸின் முழு டார்க்கை அவர்களே இதற்குக் கொடுக்கவில்லை. 2013-இல் 68ஆர்எஃப்இ-யோடு வந்த இன்ஜின் 800 பவுண்டு-அடி, அதே இன்ஜின் ஐசினோடு 850. 2019-இல் இந்த இடைவெளி 850-க்கும் 1,000-க்கும் ஆகிவிட்டது. செய்த கம்பெனியே ஒரு கியர்பாக்ஸுக்கு டார்க்கை அளந்து ஊற்றுகிறது என்றால், அதைவிடத் தெளிவான சாட்சி எனக்கு வேண்டாம். 8,000, 9,000 பவுண்டு டிரெய்லரை நெடுஞ்சாலையில் இழுப்பவர் ஆயிலையும் ஃபில்டரையும் நேரத்துக்கு மாற்றினால் இது பல வருடம் ஓடும், ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்ஜினை டியூன் செய்து (மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டி) கூடுதல் பாரமும் ஏற்றினால் முதலில் போவது கன்வெர்ட்டரும் ஓவர்டிரைவ் கிளட்சும்.

2013 முதல் ராம் 3500-இல் (2500-ஐவிட அதிகம் சுமக்கும் வகை) ஹை அவுட்புட் கம்மின்ஸோடு வந்தது ஐசின் ஏஎஸ்69ஆர்சி, டொயோட்டா குழுமத்தின் ஐசின் செய்தது. கனத்த கியர்பாக்ஸ். முதல் கியர் 3.75, அடுத்தது நேராக 2.00, நடுவில் பெரிய பள்ளம். அதனால் வெறும் வண்டியாக ஊருக்குள் ஓட்டும்போது கியர் மாற்றம் முரட்டுத்தனமாகத் தெரியும், பிடிக்காதவர்கள் நிறைய. பின்னால் பாரம் கோர்த்ததும் அந்த முரட்டுத்தனம்தான் நம்பிக்கை தருகிறது, வழுக்காமல் கவ்வுகிறது. மூன்றாவது 1.34 என்பதால் மேட்டில் 55 மைலில் 2,800 ஆர்பிஎம்மில் ஏறலாம், 68ஆர்எஃப்இ-யைவிடக் கொஞ்சம் வசதி. பக்கவாட்டில் பிடிஓ (இன்ஜின் சக்தியால் வெளிக்கருவிகளை ஓட்டும் அமைப்பு) இணைக்கும் வழியும் உண்டு, 68ஆர்எஃப்இ-யில் இல்லை. விலைப் பட்டியலில் இதைப் பார்த்துவிட்டுப் பலர் 2500-இலும் கேட்டுப் பார்க்கிறார்கள். 2500 டீசலில் 2024 வரை ஐசின் வரவே இல்லை.

2025-இல் ராம் இரண்டையும் எடுத்துவிட்டு ஜெர்மனியின் இசட்எஃப் வடிவமைத்த எட்டு கியரைக் கொண்டுவந்தது, டார்க்ஃப்ளைட் எச்டி என்ற பெயரில், 2500-க்கும் 3500-க்கும் ஒன்றே. ராமின் மூன்று கியர்பாக்ஸ்களில் எதிர்காலம் இதற்குத்தான் என்று தோன்றுகிறது. இசட்எஃப்-இன் எட்டு கியர் வேலையை மற்ற வண்டிகளில் ஓட்டியிருக்கிறேன், வெண்ணெய் மாதிரி மாறும். ஆனால் இந்தப் பாரத்தில் ஒன்றரை லட்சம் மைல் ஓடிய வண்டி இன்னும் சந்தையில் பரவலாக இல்லை. வாரண்டியோடு புதிதாக வாங்குபவருக்குப் பிரச்சினை இல்லை. பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கு நான் இப்போதே கைகாட்ட மாட்டேன்.

ஜிஎம்முக்கு வருவோம். 2001-இல் டியூராமேக்ஸோடு அலிசன் 1000 வந்தபோது பிக்கப் உலகத்தில் அது ஒரு பெரிய மாற்றம். பஸ், தீயணைப்பு வண்டி, குப்பை லாரிகளுக்கு கியர்பாக்ஸ் செய்யும் இண்டியானாபொலிஸ் கம்பெனி, தன் சிறிய ரகத்தை பிக்கப்புக்குக் கொடுத்தது. முதலில் ஐந்து கியர், 2006 முதல் ஆறு. எனக்கு இதில் பிடித்தது ஒரு சின்ன விஷயம்: வெளியே திருகி மாட்டும் ஃபில்டர், இன்ஜின் ஆயில் ஃபில்டர் மாதிரியே. அடித்தட்டைக் கழற்றாமல், தரையெல்லாம் ஆயில் கொட்டாமல், வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். ஃபில்டருக்குள் இருக்கும் சின்னக் காந்த வளையத்தைத் துடைத்துப் பார்த்தால் உள்ளே என்ன தேய்கிறது என்று விரலில் தெரியும். மாற்றுவது சுலபமாக இருந்தால் மனிதர்கள் மாற்றுவார்கள், மாற்றினால் கியர்பாக்ஸ் பிழைக்கும். 2017 முதல் 2019 வரை எல்5பி என்ற வகை டியூராமேக்ஸும் இந்த ஆறு கியர் அலிசனும் சேர்ந்த வண்டிகள் பழைய சந்தையில் நான் முதலில் தேடுபவை. 910 பவுண்டு-அடி, நிரூபணமான பெட்டி (கியர்பாக்ஸைத்தான் சொல்கிறேன்). முதல் கியர் மட்டும் உயரம் (3.10, கிளம்பும்போது இழுவை குறைவு), அது ஒரு குறைதான்.

2020-இல் வந்த பத்து கியரிலும் அலிசன் பெயர் இருக்கிறது. பலர் அதைப் பார்த்துப் பழைய பெட்டியின் வாரிசு என்று நினைத்துவிடுகிறார்கள். இது ஜிஎம்மும் அலிசனும் சேர்ந்து சோதித்து, ஜிஎம் தயாரிக்கும் வேறு பெட்டி. மேட்டில் ஏறுவதில் பழையதைவிட நிச்சயம் மேல். ஆனால் 2024 கடைசியில் 2020 முதல் 2022 வரையான டீசல் டிரக்குகளையும் எஸ்யூவிகளையும் நாலரை லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைத்தார்கள். கன்ட்ரோல் வால்வு ஒன்று தேய்ந்தால், கீழ் கியருக்கு இறங்கும்போது பின்சக்கரங்கள் கணநேரம் இறுகிவிடக்கூடும் என்பதுதான் காரணம். தீர்வாக வந்தது ஒரு மென்பொருள், வால்வைக் கண்காணித்து, தேய்மானம் தெரிந்தால் ஐந்தாவது கியருக்கு மேல் போகாமல் தடுக்கும். பாரத்தோடு இறக்கத்தில் போகும் ஒருவருக்கு இது சாதாரண விஷயமில்லை. அந்த வருட வண்டி வாங்கினால் அதன் விஐஎன் எண்ணை (வண்டியின் அடையாள எண்) அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ-வின் தளத்தில் போட்டு, ரீகால் வேலை முடிந்திருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஃபோர்டு தன் பெட்டியைத் தானே செய்கிறது. 2011 முதல் 2019 வரை வந்த 6ஆர்140, ஆறு கியர், முதல் கியர் 3.97. கேட்டால் யாரும் பெரிதாகக் குறை சொல்லாத ஒரு பெட்டி, அதனாலேயே அதிகம் பேசப்படவில்லை. 2020 முதல் 10ஆர்140. எஃப்-150-இல் இருக்கும் 10ஆர்80 பற்றிய புகார்களைப் படித்துவிட்டு இதையும் ஒதுக்குபவர்கள் உண்டு. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் இது ஃபோர்டின் கனரக பிக்கப் வரிசையான சூப்பர் டியூட்டிக்கென்று செய்த, வேறு அளவிலான பெட்டி. இறக்கத்தில்தான் இது எனக்குப் பிடித்தது. நண்பருடைய எஃப்-350-ஐ அவருடைய டிரெய்லரோடு சுரங்கத்திலிருந்து சில்வர்தார்ன் பக்கம் இறக்கினேன். ஓடிவரும் லாரிகளை நிறுத்தச் சரளை கொட்டி வைத்திருக்கும் பாதைகள் இருக்கும் இறக்கம் அது. டோ-ஹால் (பாரம் இழுப்பதற்கான கியர் முறை) போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, மேலேயே 50 மைலுக்குக் குறைத்தேன். டர்போவின் இதழ்கள் மூடிக்கொண்டு புகையை அடைக்கும்போது ஒரு கனத்த இரைச்சல் வரும், பெட்டி தானாக ஒரு கியர் இறங்கியது, ஆர்பிஎம் 2,700, வேகம் 50-ஐ விட்டு நகரவில்லை. கால் பிரேக்கைத் தொட்டது இரண்டே தடவை. நம் ஊர் மலைப்பாதை டிரைவர்கள் ஏறின கியரிலேயே இறங்கு என்பார்கள், அதையேதான் இந்தப் பெட்டி தானாகச் செய்கிறது. ஆறு கியர் பெட்டியும் செய்யும், ஆனால் அங்கே ஒன்று 45-இல் கத்திக்கொண்டு பிடிக்கும், இல்லாவிட்டால் 60-க்கு விட்டுவிடும், நடுவில் நிற்க இடமில்லை. கன்வெர்ட்டர் பூட்டியிருந்தால்தான் எக்ஸாஸ்ட் பிரேக் சக்கரம் வரை வந்து சேரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிரோஷர் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்ஏஇ ஜே2807 என்ற சோதனை முறையில் அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுக்கப் போட்டுக்கொண்டு, பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள வண்டி 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். நல்ல கடினமான சோதனை, எல்லோரும் பாஸ் ஆகிறார்கள். ஒரு தடவை ஏறுவது வேறு, எட்டு கோடைகாலம் ஏறுவது வேறு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மைத்துனர், "அப்போ ராம் 2500-இல் நல்ல விலைக்கு ஒன்று இருக்கிறதே" என்றார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஆட்களும் சாமானும் சேர்ந்து வண்டி சுமக்கக்கூடியது 2,100 பவுண்டு சொச்சம். ஃபிஃப்த் வீல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கையாவது டிரக்கின் மேல் வைக்கும், 14,000-க்கு அது 2,800. மாட்டும் இரும்புப் பிடியும் நான்கு பேரும் இன்னும் ஏறவில்லை. கியர்பாக்ஸ் பேச்சுக்கே போகாமல் அந்த வண்டி அடிபட்டுப்போனது. 3500 வகுப்புக்குப் போனால் 2024 வரையான ராமில் ஐசின் கிடைக்கிறது, ஆகவே இந்தப் பாரத்துக்கு 68ஆர்எஃப்இ பற்றிய கவலை பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடுகிறது.

அவருக்கு நான் வரிசைப்படுத்திக் கொடுத்தது இப்படி. புதிதாக வாங்கும் பணம் இருந்தால் எஃப்-350, பத்து கியர், 3.55 ஆக்சில். பழையது என்றால் 2017-19 செவி அல்லது ஜிஎம்சி 3500 ஆறு கியர் அலிசனோடு, அது கிடைக்காவிட்டால் ராம் 3500 ஐசினோடு. மலைப்பக்கமே போகாமல் டெக்சாஸ் சமவெளியில் இழுப்பவராக இருந்தால் ஐசினை முதலில் வைத்திருப்பேன், அங்கே நடுக்கியர் இடைவெளி உறுத்தாது, கம்மின்ஸின் தாழ்ந்த இழுவை முழுசாகப் பயன்படும்.

அப்புறம், பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது இரவு முழுக்க ஆறிய இன்ஜினோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டால் ஒன்றிரண்டு நொடியில் கவ்வ வேண்டும், நான்கைந்து நொடி யோசித்தால் திரும்பி வந்துவிடலாம். 45, 50 மைலில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி வைத்து லாக்-அப் ஆகும் நேரத்தைக் கவனியுங்கள், சரளைக்கல் மேல் ஓடுகிற மாதிரி அதிர்ந்தால் கன்வெர்ட்டர் கிளட்ச் போய்க்கொண்டிருக்கிறது. ஆயிலைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்து பாருங்கள். டியூன் செய்த வண்டி என்று தெரிந்தால், எந்தப் பெட்டியாக இருந்தாலும் வேண்டாம்.

கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு 2019 ஜிஎம்சி 3500 கண்ணில் பட்டிருக்கிறது. விற்பவர் தன் டிரெய்லரை மாட்டி ஓட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, இன்ஜின் ஆறியிருக்கும்போதே, நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். டிஷ்யூ பெட்டியை இப்போதே வண்டியில் வைத்துவிட்டேன்.